பழைய ஜிஎஸ்பியா, புது பார்டினியா?

கேள்வி: கோவையில் ஒரு ரைஃபிள் கிளப்பில் மூன்று ஆண்டுகளாக 25 மீட்டர் ஸ்போர்ட்ஸ் பிஸ்டல் சுட்டு வருகிறேன். இதுவரை கிளப் துப்பாக்கிதான். போட்டிகளில் 600-க்கு 540, 545 வருகிறது. வயது 26. லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. சீனியர் ஒருவர் 2012-ல் வாங்கிய தன் வால்தர் ஜிஎஸ்பி பிஸ்டலை மூன்று மேகசினோடு (தோட்டா அடுக்கும் பெட்டி) தருவதாகச் சொல்கிறார். இருபதாயிரம் ரவுண்டுக்கு மேல் போயிருக்காது என்கிறார். கோச்சோ, பழசு வேண்டாம், பொறுத்திருந்து புது பார்டினி எஸ்பி பிஸ்டலை இறக்குமதி செய்துகொள் என்கிறார். என் கை சின்னது. எதை வாங்குவது? பழசைப் பார்க்கப் போனால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? எலக்ட்ரானிக் ட்ரிகர் தேவையா?
– வாசகி, கோவை

பதில்: முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஜிஎஸ்பி கீழே சொல்லும் சோதனைகளில் தேறி, உங்கள் கையிலும் உட்கார்ந்தால் அதையே வாங்குங்கள். கையில் உட்காரவில்லை என்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். கோச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் ‘பழசு’ என்பது மட்டும் ஒரு காரணம் ஆகாது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நிதானமாகச் சுடும் பிரிசிஷன் சுற்றின் இலக்கில் பத்து வளையம் 50 மில்லிமீட்டர் விட்டம், ஒன்பது 100, எட்டு 150. உங்கள் ஸ்கோரை வைத்துப் பார்த்தால் ஒரு தோட்டாவுக்குச் சராசரி ஒன்பதுதான். அதாவது உங்கள் குண்டுகள் ஏறக்குறைய 150 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் சிதறுகின்றன. நல்ல நிலையில் இருக்கும் எந்த மேட்ச் பிஸ்டலும், பொருந்திய தோட்டாவோடு, மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டால் 25 மீட்டரில் 20, 25 மில்லிமீட்டருக்குள் குவிக்கும். ஒன்று 18, இன்னொன்று 24 என்ற வித்தியாசம் உங்கள் ஸ்கோர் ஷீட்டில் தெரியவே தெரியாது. வேகமாகச் சுடும் ரேபிட் சுற்றில் பத்து வளையமே 100 மில்லிமீட்டர். அங்கே இன்னும் தெரியாது. இந்த விலையில் துப்பாக்கி வாங்குகிறவர் துல்லியத்துக்காக அதிகப் பணம் கொடுப்பதில்லை. ட்ரிகரை நினைத்த இடத்தில் நிறுத்தி வைக்கலாம், சைட்டை (குறிபார்க்கும் பாகம்) நம்பித் திருப்பலாம், 60 தோட்டாவும் தடங்கல் இல்லாமல் போகும். இந்த மூன்றுக்குத்தான் அந்த விலை. பழைய துப்பாக்கியில் இந்த மூன்றும் மிச்சம் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை.

கையில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதில் தோற்றால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம். மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் (முன்னும் பின்னும் நகர்ந்து தோட்டாவை ஏற்றும் பாகம்) திறந்து, சேம்பர் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு, பாதுகாப்பான திசையில் பிடியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை 45 டிகிரியில் இருந்து ரேபிட் சுற்றில் தூக்குகிற மாதிரியே தூக்கி, நின்றதும் கண்ணைத் திறங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் இருக்க வேண்டும். பத்து முறை செய்தால் எட்டு முறையாவது மணிக்கட்டைத் திருத்தாமல் நடுவில் வர வேண்டும். ஒரே பக்கமாக விலகுகிறது என்றால் அது கிரிப்பின் கோளாறு, செதுக்கியும் புட்டி வைத்தும் சரி செய்யலாம். ஒரு தடவை இடம், ஒரு தடவை வலம் என்று விலகினால் கிரிப் உங்கள் கைக்குப் பெரிது. கைக்குள் ஆடுகிறது என்று அர்த்தம்.

சின்னக் கை என்கிறீர்கள், அதனால் ட்ரிகர் வரை விரல் போகும் தூரத்தையும் பார்க்க வேண்டும். ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முன்னால் இருக்கும் சதைப்பகுதி ட்ரிகரின் நடுவில் படிய வேண்டும், நுனி அல்ல. ட்ரிகர் தகட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம் என்பதால் அதைப் பின்னுக்கு இழுத்து வைத்துப் பாருங்கள். அதோடு விரலின் அடிப்பகுதி மரத்தில் உரசக் கூடாது. பழைய பஸ் டிக்கெட் ஒன்றை விரலுக்கும் மரத்துக்கும் நடுவே விட்டால் தடையில்லாமல் போக வேண்டும். உரசினால் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் துப்பாக்கியைப் பக்கவாட்டில் தள்ளுவீர்கள், காரணமே புரியாமல் குண்டு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும்.

அடியில் இருக்கும் உள்ளங்கைத் தாங்கியைப் பலர் கையை நசுக்கும் அளவுக்கு மேலே ஏற்றி வைத்திருப்பார்கள். லேசாகத் தொட்டால் போதும். இறுக்கினால் நாடித்துடிப்பு சைட்டில் தெரியும். போட்டி விதியும் உண்டு: தாங்கி கிரிப்புக்குச் செங்குத்தாக, அதாவது 90 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், மேல்நோக்கி வளைந்து கையை அணைக்கக் கூடாது. கிரிப் மணிக்கட்டைத் தொடக் கூடாது. முந்தைய சொந்தக்காரர் புட்டி வைத்துப் பெருக்கியிருந்தால் துப்பாக்கி 300 × 150 × 50 மில்லிமீட்டர் சோதனைப் பெட்டிக்குள் நுழையாமல் போகலாம். பெரும்பாலும் அந்த 50-ல்தான் மாட்டும். இதை கிளப்பில் இருக்கும் பெட்டியிலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள். மொத்த எடை 1400 கிராம், பேரல் 153 மில்லிமீட்டர், சைட்டுகளுக்கு இடையே 220 மில்லிமீட்டர் என்ற மற்ற வரம்புகளில் ஜிஎஸ்பிக்கும் எஸ்பிக்கும் சிக்கல் வராது. யாராவது கூடுதல் எடைக்கட்டி மாட்டியிருந்தால் மட்டும் தராசில் வையுங்கள்.

கிரிப் பெரிது என்பதற்காக மட்டும் ஜிஎஸ்பியை ஒதுக்க வேண்டாம். சின்ன அளவு கிரிப் தனியாகக் கிடைக்கும். அதன் விலையைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

இனி இயந்திரம். இதில்தான் அவசரப்படக் கூடாது. ஒரு நல்ல டார்ச், பல்குச்சி, பூதக்கண்ணாடி, வெள்ளைத் துணி எடுத்துக்கொண்டு போங்கள்.

போல்ட்டைத் திறந்து சேம்பரின் வாய் விளிம்பைப் பாருங்கள். .22 தோட்டாவில் வெடிமருந்துக் கலவை விளிம்புக்குள் இருப்பதால் ஃபயரிங் பின் விளிம்பைத்தான் குத்தும். உள்ளே தோட்டாவோ டம்மியோ (வெடிக்காத போலித் தோட்டா) இல்லாமல் வெறுமனே ட்ரிகரை இழுத்துப் பழகியவரின் துப்பாக்கியில், அந்தப் பின் நேராகச் சேம்பர் விளிம்பிலேயே மோதி, நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு பள்ளம் விழுந்திருக்கும். பல்குச்சி நுனியை விளிம்பைச் சுற்றி மெல்ல ஓட்டுங்கள். ஒரே இடத்தில் தட்டுப்படுகிறதா, உலோகம் உள்பக்கமாகப் பிதுங்கியிருக்கிறதா என்று விரலுக்கே தெரியும். பிதுங்கியிருந்தால் தோட்டா உள்ளே முழுதாக உட்காராது, சுட்டபின் காலிக் கூடு வெளியே வராமல் இழுபடும். சுட்ட கூட்டின் மேல் நீளவாக்கில் ஒரு கீறலும் இருக்கும். லேசான பிதுங்கலை ஆர்மரர் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) அதற்கான கருவியால் உலோகத்தை அழுத்திச் சமன் செய்துவிடுவார். அரத்தால் தேய்த்துச் சரி செய்த அடையாளம் தெரிந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தேய்த்த இடத்தில் கூட்டுக்குத் தாங்கல் இருக்காது.

இருபதாயிரம் ரவுண்ட் என்ற பேச்சைச் சரிபார்க்க வழியே இல்லை, அதை மறந்துவிடுங்கள். தேய்மானம் பேசும். போல்ட் முகத்தில் பின் வெளிவரும் துளையைச் சுற்றி அரிப்பு இருக்கிறதா, கூட்டைப் பிடித்திழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் நகம் கூர்மையாக இருக்கிறதா, உருண்டுவிட்டதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். பல்குச்சியால் நகத்தைத் தூக்கிவிட்டால் விறைப்பாகத் திரும்பி வர வேண்டும். தயங்கித் தயங்கித் திரும்பினால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது, அல்லது அடியில் எண்ணெயும் கரியும் சேர்ந்த பசை. இரண்டாவது என்றால் சுத்தம் செய்தால் போதும். போல்ட் பின்னால் வந்து மோதும் இடத்தில் அதிர்ச்சியைத் தாங்கும் பஃபரையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அது மாற்றவே வேண்டிய பாகம். கெட்டிப்பட்டு, ஓரம் விரிந்து, வெடித்திருந்தால் சொந்தக்காரர் பராமரிப்பில் எப்படி என்று அதுவே சொல்லிவிடும். நல்ல பஃபர் போட்டிருப்பவர் மற்றதையும் கவனித்திருப்பார்.

பேரலுக்குள் டார்ச் அடித்து வாய்ப்பக்கமிருந்து பார்க்கும்போது சேம்பரை ஒட்டிய முதல் இரண்டு சென்டிமீட்டரைக் கவனியுங்கள். ஈயமும் கரியும் படிந்து வளையம் மாதிரி தெரிந்தால் பயப்பட வேண்டாம், சுத்தம் செய்த பிறகு மறுபடி பாருங்கள். துருக்குழி இருந்தால்தான் கவலை. குண்டு வெளியேறும் வாய் விளிம்பில் சின்ன நெளிவுகூட இருக்கக் கூடாது. தவறான கம்பியை வாய்ப்பக்கமிருந்து விட்டுச் சுத்தம் செய்பவர்கள் அங்கேதான் பேரலைக் கெடுப்பார்கள்.

வெளிப்புறத்தில் கீறல், நிறம் போன இடம் எல்லாம் பொருட்டே அல்ல. ஆனால் கிரிப்பைக் கழற்றிப் பாருங்கள். நம் ஊர் வியர்வை மரத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் இறங்கித் துருவை அங்கேதான் வளர்க்கும். ஸ்பான்ஜ் வைத்த பெட்டியிலேயே மாதக்கணக்கில் மூடி வைத்திருந்தால் இன்னும் மோசம், ஸ்பான்ஜ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வயதைச் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டியதே இல்லை. ஜெர்மனியில் சோதனை முத்திரை பெற்ற துப்பாக்கியில் இரண்டு எழுத்தில் ஆண்டு இருக்கும். ஆங்கில எழுத்துகளில் ஏ என்றால் பூஜ்யம், பி ஒன்று, சி இரண்டு என்று போய், ஐ எட்டு, ஜே-வை விட்டுவிட்டு கே ஒன்பது. 2012 என்றால் ‘பிசி’ என்று இருக்க வேண்டும். பக்கத்தில் மான்கொம்பு முத்திரை இருந்தால் அது உல்ம் நகரச் சோதனைச்சாலையுடையது, வால்தர் தயாராகும் ஊர் அதுதான். எழுத்து ‘இசட்’ வரை எங்காவது போனால் என்னிடம் கேட்காதீர்கள், முத்திரையைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள்.

ஜிஎஸ்பிக்கே உரிய ஒரு விஷயம்: இதன் ட்ரிகர் அமைப்பு முழுவதும் ஒரே கட்டாகக் கழன்று வரும். .22-க்கு 1000 கிராம் கட்டு, .32 சென்டர் ஃபயருக்கு (பின் தோட்டாவின் நடுவில் குத்தும் வகை) 1360 கிராம் கட்டு என்று இரண்டு வகை புழக்கத்தில் உண்டு. இந்தத் துப்பாக்கியை .32-க்கு மாற்றிச் சுடுகிற வழக்கமும் இருப்பதால், பழைய துப்பாக்கியில் எது மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். கனமான கட்டோடு பழகி, ‘இது என்ன, இழுக்கவே வரவில்லை’ என்று துப்பாக்கியைக் குறை சொல்பவர்கள் உண்டு. மாற்றுக் கட்டு வாங்குகிற செலவையும் யோசித்துக்கொள்ளுங்கள். புதிய ஜிஎஸ்பி500-ன் பாகங்கள் பழையதில் அப்படியே பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம், பாகத்துக்குப் பாகம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இதே காரணத்துக்காகத்தான், உற்பத்தி நின்றுபோன ஹேமர்லி எஸ்பி20 மாதிரி அருமையான துப்பாக்கிகளைக்கூட இன்று முதல் துப்பாக்கியாக வாங்கச் சொல்ல மனம் வருவதில்லை.

ட்ரிகர் எடையை ஸ்பிரிங் தராசில் பார்க்காதீர்கள். போட்டியில் பார்க்கிற மாதிரியே பாருங்கள்: பேரல் செங்குத்தாக மேல்நோக்கி, 1000 கிராம் எடைக்கல் ட்ரிகரின் நடுவில் தொங்க, கல் தரையை விட்டு எழும்ப வேண்டும், ஹேமர் (ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்தி) விழக் கூடாது. போட்டியில் மூன்று வாய்ப்பு. நீங்கள் பத்து முறை செய்யுங்கள். சேம்பரில் டம்மி இருக்கட்டும். எடையைச் சரியாக 1000-லேயே நிறுத்தி வைப்பதுதான் பலரும் செய்கிற தப்பு. காலையில் தாங்கியது மதியம் தாங்காது, சுட்டு முடித்தபின் எடுக்கும் சோதனையில் தோற்றால் தகுதி நீக்கம். 1030, 1040-ல் வையுங்கள். அந்த 30 கிராமை உங்கள் விரல் உணராது.

ட்ரிகர் இரண்டு கட்டமாக இழுபடும். முதல் கட்டத்தில் எடையின் பெரும்பங்கு, இரண்டாவது கட்டத்தில் மிச்சம் என்று பிரித்து வைப்பார்கள். 750-ம் 280-ம் தொடக்கத்துக்கு நல்ல பிரிவு. இரண்டாவது கட்டம் கண்ணாடிக் குச்சி மாதிரி உடைய வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சியரின் பிடிமானத்துக்கான திருகைக் குறைத்துக்கொண்டே போவார்கள். அது ஒரு எல்லை தாண்டினால் போல்ட் மூடும் அதிர்ச்சியிலேயே ஹேமர் விழும், ஒரு அழுத்தலுக்கு இரண்டு தோட்டா போகும். அதனால் ரேஞ்சில் முதல் மூன்று தடவை மேகசினில் இரண்டே இரண்டு தோட்டா போட்டுச் சுடுங்கள். ஒரே இழுப்பில் இரண்டும் போனால் அங்கேயே நிறுத்திவிட்டு, துப்பாக்கியைக் காலி செய்து, ஆர்மரரிடம் கொடுங்கள். திருகுகளை நீங்களே திருப்பிப் பார்க்க வேண்டாம்.

சுட்டுப் பார்க்க 150 தோட்டா எடுத்துக்கொள்ளுங்கள். கிளப் ரேஞ்சில், சொந்தக்காரர் பக்கத்தில் இருக்கும்போதுதான் இதெல்லாம். முதலில் மூன்று மேகசினிலும் மார்க்கரால் 1, 2, 3 என்று எழுதுங்கள். ஐந்து தோட்டா வீதம் ஒவ்வொன்றும் பத்து முறை சுற்றி வரும். எந்த மேகசினில் எத்தனையாவது தோட்டாவில் என்ன ஆனது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள். இந்தத் தாள்தான் உங்களுக்கு விலை சொல்லும்.

தடங்கல் எல்லாம் 2-ம் எண் மேகசினிலேயே வந்தால் கோளாறு துப்பாக்கியில் இல்லை, அந்த மேகசினின் உதட்டில். கீழே போட்டுப் போட்டு உதடு விரிந்திருக்கும், தோட்டா மூக்கைத் தொங்கப்போட்டு மேலே வரும். சந்தேகமிருந்தால் ஒரு தோட்டாவைச் சேம்பரில் ஏற்றி, சுடாமல் கையால் வெளியே எடுத்து மூக்கைப் பாருங்கள். ஈயம் ஒரு பக்கம் மட்டும் சீவியிருந்தால் சந்தேகம் தீர்ந்தது. மூன்று மேகசினிலும் பரவலாகக் கூடு குறுக்கே மாட்டி நிற்கிறது என்றால் எக்ஸ்ட்ராக்டரையோ சேம்பரையோ சந்தேகப்படுங்கள். பின் குத்தியும் தோட்டா வெடிக்காமல் நின்றால் அதே பிராண்டில் வேறு பெட்டியைத் திறந்து பாருங்கள், பழைய இருப்புத் தோட்டாவில் இது சகஜம். வெடிக்காத தோட்டாவைச் சட்டென்று திறக்காமல், இலக்கை நோக்கியே முப்பது வினாடியாவது பிடித்திருந்துவிட்டுத் திறங்கள். 150-ல் ஒன்றிரண்டு தடங்கல், காரணமும் தெரிகிறது என்றால் வாங்கலாம். காரணம் தெரியாத மூன்றாவது தடங்கல் வந்தால் நான் வாங்க மாட்டேன்.

முதல் 30 தோட்டா பேரல் பழக. தோட்டாவின் மேல் பூச்சு பிராண்டுக்குப் பிராண்டு வேறு, மாற்றிய உடனே குவிப்பு சரியாக வராது. அடுத்த 40-ஐ மணல் மூட்டை மேல் கையை வைத்து, பத்துப் பத்தாக நான்கு தாளில் சுடுங்கள். துப்பாக்கியின் உலோகம் மூட்டையைத் தொடக் கூடாது, கைதான் தொட வேண்டும். மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளின் தூரத்தை மையத்திலிருந்து மையம் அளந்தால் 30 மில்லிமீட்டருக்குள் வந்தால் போதும், மூட்டையில் சுடுகிற பழக்கம் இல்லாதவருக்கு அதுவே நல்ல அளவு. ஒரே ஒரு குண்டு மட்டும் விலகினால் நீங்கள், நான்கு தாளிலும் இரண்டு கொத்தாகப் பிரிந்து விழுந்தால் துப்பாக்கி. பெரும்பாலும் பின் சைட் தளர்ந்திருக்கும், அடுத்ததாகப் பேரல் திருகு. சைட்டை நம்பலாமா என்று பார்க்க, ஐந்து சுட்டு, வலப்பக்கம் பத்து க்ளிக் திருப்பி ஐந்து சுட்டு, மறுபடி பத்து க்ளிக் திரும்பி வந்து ஐந்து சுடுங்கள். மூன்றாவது கொத்து முதல் கொத்தின் மேலேயே விழ வேண்டும். இதற்குரிய தோட்டாவை மீதி 80-ல் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ரேபிட் தாளத்தில், மூன்று வினாடிக்கு ஒன்றாக, முழு வேகத்தில் சுடுங்கள். தடங்கல் அங்கேதான் வெளியே வரும். மெதுவாகச் சுடும்போது சமத்தாக இருந்துவிடுகிற துப்பாக்கிகள் நிறைய.

சுட்ட கூடுகளில் பத்தைப் பொறுக்கி வரிசையாக நிறுத்தி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பின் குத்திய தழும்பு பத்திலும் ஒரே ஆழத்தில், ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஆழம் மாறி மாறி இருந்தால் ஹேமர் ஸ்பிரிங் அல்லது பின்னின் வழியில் அழுக்கு.

தோட்டா விஷயத்தில் ஒன்றே ஒன்று: ஸ்டாண்டர்டு வேகத் தோட்டாதான், வினாடிக்கு 300 மீட்டரை ஒட்டிப் போகும் வகை. எஸ்கே பிஸ்டல் மேட்ச், ஆர்டபிள்யூஎஸ் பிஸ்டல் மேட்ச் போன்றவை. ஹை வெலாசிட்டி என்று எழுதிய பெட்டி மலிவாகக் கிடைக்கிறதென்று இந்தத் துப்பாக்கிகளில் போட்டால் போல்ட் தேவைக்கு மேல் வேகமாகப் பின்னால் வந்து மோதும். பஃபர் போகும், பிறகு அதற்குப் பின்னால் இருக்கும் உலோகம் போகும்.

இனி பார்டினி. அதன் பெரிய அனுகூலம் பேரல் கைக்கு மிக அருகில், தாழ்வாக உட்கார்ந்திருப்பது. அதனால் சுட்டதும் வாய் மேலே எகிறுவது குறைவு, ரேபிட் சுற்றில் அடுத்த தூக்கலுக்கு நிதானம் கிடைக்கும். ஜிஎஸ்பி முன்பக்கம் கனமாகத் தோன்றும். பிரிசிஷனில் சிலருக்கு அது பிடிக்கும், தோள் பலம் குறைந்தவருக்குக் கடைசி இரண்டு தொடரில் (ஐந்து தோட்டா ஒரு தொடர்) கை இறங்கும். உங்கள் இரண்டு பாதி ஸ்கோரையும் பிரித்துப் பாருங்கள். பிரிசிஷன் 275, ரேபிட் 268 என்று இருந்தால் பார்டினிக்காகக் காத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. தலைகீழாக இருந்தால் இல்லை. கிளப்பில் யாரிடமாவது எஸ்பி இருந்தால், வாங்கிக் கண்மூடித் தூக்கும் சோதனையை அதிலும் செய்துவிட்டு முடிவெடுங்கள். இது நடக்காமல் படத்தைப் பார்த்து இறக்குமதிக்கு எழுதிப்போட வேண்டாம்.

எலக்ட்ரானிக் ட்ரிகர் தேவையில்லை. அது மிகச் சுத்தமாக விடுபடும் என்பது உண்மை. 545-ல் இருப்பவருக்கு அதனால் கிடைப்பது ஒன்றுமில்லை, பேட்டரியும் சர்க்யூட்டும் கூடுதல் கவலை. 2021-ல் டோக்கியோவில் மனு பாக்கரின் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்றின் நடுவில் பழுதாகிப் பல நிமிடங்கள் போய், 575 எடுத்தும் இறுதிச்சுற்றுக்குள் நுழைய முடியாமல் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். உயர்ந்த விலைத் துப்பாக்கி நிற்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நின்றால் அங்கேயே சரிசெய்ய ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. கோவையில் மெக்கானிக்கல் ட்ரிகரைச் சரிசெய்யத் தெரிந்தவரைக் கண்டுபிடிப்பது சுலபம்.

துப்பாக்கி போட்டியில் நின்றால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், புதுத் துப்பாக்கியோடு முதல் போட்டிக்குப் போகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். கை பதறிப் போல்ட்டை இழுத்துவிடாதீர்கள். இலக்கை நோக்கியே பிடித்தபடி மற்றக் கையைத் தூக்குங்கள். அதிகாரி வந்து பார்த்து, துப்பாக்கியின் கோளாறு என்று ஒத்துக்கொண்டால் தொடரை முடிக்க வாய்ப்பு உண்டு. நீங்களே தொட்டுவிட்டால் அந்த வாய்ப்பு போகும், சுடாத தோட்டாக்கள் பூஜ்யம்.

செலவுக் கணக்கில் துப்பாக்கியை மட்டும் பார்க்காதீர்கள். வாரம் மூன்று நாள், நாளுக்கு 100 தோட்டா என்றால் மாதம் 1,200, ஆண்டுக்கு 14,400. லைசென்ஸில் உங்களுக்கு அனுமதித்த தோட்டா எண்ணிக்கை இதற்கு இடம் கொடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய துப்பாக்கியில் மிச்சமாகும் பணத்தை இங்கே போடுவதுதான் என் யோசனைக்குக் காரணமே. அதோடு இரண்டு புது மேகசின், இரண்டு பஃபர், ஒரு எக்ஸ்ட்ராக்டர், அதன் ஸ்பிரிங், ஒரு ஃபயரிங் பின். இவற்றின் விலையை விசாரித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

கடைசியாகக் காகிதம். லைசென்ஸ் கையில் இருக்கிறது என்பது போதாது, அதில் .22 பிஸ்டல் என்று இருக்கிறதா, எந்தத் தேதிக்குள் வாங்கிக் காட்ட வேண்டும் என்று இருக்கிறது என்று படியுங்கள். துப்பாக்கியின் எண்ணும் அவர் லைசென்ஸில் உள்ள எண்ணும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. அவர் எப்படி வாங்கினார் என்று கேளுங்கள். ரினௌன்டு ஷாட் தகுதியில் (போட்டியில் தேறிய வீரர்களுக்குத் தரும் அங்கீகாரம்) சுங்க வரிச் சலுகையோடு இறக்குமதி செய்தது என்றால், அதை யாருக்கு, எப்போது விற்கலாம் என்பதற்கு நிபந்தனைகள் இருக்கும். அந்த அனுமதிக் கடிதத்தின் நகலை வாங்கி லைசென்ஸ் அதிகாரியிடம் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். ஆயுதச் சட்டம் 5-ம் பிரிவின்படி, விற்கிறவர் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ விற்கப்போவதை எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கை மாற்ற முடியும். ‘நமக்குள் என்ன, எடுத்துட்டுப் போம்மா’ என்று சீனியர் பெருந்தன்மையாகச் சொன்னாலும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்த 45 நாளும் துப்பாக்கி அவரிடமே, அவர் லைசென்ஸிலேயே இருக்கட்டும். முன்பணத்துக்கு ரசீது வாங்கி, அதில் துப்பாக்கி எண், மேகசின் எண்ணிக்கை, ‘அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பும்’ என்ற வரி மூன்றும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மீதிப் பணம் உங்கள் லைசென்ஸில் துப்பாக்கி பதிவான அன்று.